மக்காச்சோளத்துக்கு அந்தப் பக்கம்

மார்க்கெட்டில் எனக்குப் புழு அக்கா என்று பெயர். வைத்தவள் எதிர்க்கடை வெங்காயக்காரி. ஒருநாள் என்னிடம் முட்டைகோஸ் வாங்கிப்போன ஒரு பெண், நறுக்கும்போது உள்ளே பச்சைப்புழு நெளிந்தது என்று பாதிக் கோஸைக் கையில் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? அதைத் தின்ற புழு நன்றாகத்தானே இருக்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கோஸை என் தராசிலேயே போட்டுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது.

பெயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. அதே வெங்காயக்காரி, மொத்த வியாபாரியிடம் வாங்கிய தக்காளியைக் கொட்டிவைத்து, அதன் மேல் 'மருந்து அடிக்காதது' என்று அட்டையில் எழுதிச் செருகினாள். என் கடையிலும் அதே வாசகம்தான், அதே மாதிரி அட்டைதான். யார் சொல்வது நிஜம், யார் விடுவது கதை என்று வாங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், முறையாகச் சான்று வாங்கியே தீர்வது என்று.

சான்று என்பது கேட்டதும் கொடுக்கிற சங்கதி இல்லை. நிலத்தில் கடைசியாக ரசாயனம் விழுந்த நாளிலிருந்து மூன்று வருஷம் சுத்தமாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஆய்வாளர் வந்து மண்ணைத் தோண்டி எடுப்பார், இலையைக் கிள்ளுவார், விதை எங்கே வாங்கினாய், எரு எந்த வீட்டு மாட்டு எரு என்று குடைந்து எடுப்பார். மூன்றாவது வருஷமும் தேறிவிட்டால் கூடையில் ஒட்டுவதற்குப் பச்சை முத்திரை கிடைக்கும். அதை வெங்காயக்காரியின் கண்ணெதிரே, நிதானமாக, மூலை மடங்காமல் ஒட்ட வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் கூடப்பிறந்த அண்ணன் வைத்திருப்பது பூச்சிமருந்துக் கடை. சுருண்ட இலையையோ ஓட்டை விழுந்த காயையோ கொண்டுபோய்க் காட்டினால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். என்ன பூச்சி, என்ன மருந்து, ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று கணீரென்று சொல்லிவிடுவான். அதனால் ஊரில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். அப்பா விட்டுப்போன நிலத்தில் இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி அவனுக்கு. முன்பெல்லாம் தன் பாதிக்கு மருந்து அடிக்கும்போதே என் பாதிக்கும் அடித்துவிட்டுத்தான் போவான். தங்கச்சி செடி வாடினால் அவனுக்குச் சோறு இறங்காது.

இந்தப் புழு, அட்டை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வெயில் நாளில் என் கத்தரிச்செடிக்கு அடித்துக்கொண்டிருந்தபோது காற்று அவன் பக்கம் திரும்பியது. அவன் கவனிக்கவில்லையா, கவனித்தும் நிறுத்தவில்லையா, தெரியாது. டேங்கோடு வரப்பில் சரிந்து விழுந்தான். வாயில் நுரை தள்ளியது. அண்ணியும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது இன்னும் என் கனவில் வரும். எப்படியோ பிழைத்துவிட்டான். ஆனால் இனிமேல் தெளிப்பானைத் தொடவே கூடாது, கூலிக்கு ஆள் வைத்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் கண்டித்து அனுப்பினார்கள். உள்ளங்கைத் தோல் மட்டும் அன்றிலிருந்து உரிந்துகொண்டே இருக்கிறது.

அவன் விழுந்தது என் செடிக்காக. அதனால்தான் என் நிலத்தில் இனி ஒரு சொட்டு மருந்தும் வேண்டாம் என்றேன். அவனுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. நான் பிழைக்கிற பிழைப்பையே விஷம் என்கிறாயா என்று கேட்டான். ஆமாம், பின்னே அது என்ன சர்க்கரைத் தண்ணியா என்று நானும் கேட்டுவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் ஒரு எட்டு முன்னாலேதான் நடக்கும்.

அப்புறம் வந்தது மக்காச்சோளம். பக்கத்து நிலத்தில் மருந்து அடிக்கிறார்கள் என்றால், அது காற்றில் வந்து படாமல் இருக்க நம் பக்கத்தில் ஒரு பட்டை நிலத்தை ஒதுக்கி உயரமான பயிரை நெருக்கி நட வேண்டும் என்பது சான்று விதி. அந்தப் பட்டையில் விளைவதை முத்திரை போட்டு விற்கவும் முடியாது. நான் இரண்டு பாதிக்கும் நடுவில் மக்காச்சோளம் விதைத்தேன். அது ஆள் உயரம் வளர்ந்ததும், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறைப்புக் கட்டிவிட்டாள் என்று அண்ணியிடம் பொருமியிருக்கிறான். அண்ணி வந்து சொன்னாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. அப்படித்தான் என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவளும் அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள், புண்ணியவதி. அவன் வந்து கேட்கவில்லை, நான் போய் விளக்கவில்லை. பேச்சு நின்றுபோனது. ஒரு சோளம் அறுத்து மறு சோளம் போட்டேன், அதையும் அறுத்து இன்னொன்று போட்டேன். அண்ணிதான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி.

மூன்றாவது ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம், என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். பித்தப்பையில் கல், உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். போட்டது போட்டபடி கிளம்பினேன். தோட்டத்தைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை. அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்கோடு வந்து நின்று, தண்ணீர் பாய்ச்சுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அந்த 'நாங்கள்' என் காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வீட்டுக்காரரைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நேரே தோட்டத்துக்கு ஓடினேன். வாசற்படலைத் திறக்கும் முன்பே மூக்கில் ஏறியது அந்த வாடை. தக்காளிச் செடிகள் கழுவித் துடைத்த மாதிரி நின்றன. கோஸ் இலையில் புதிதாக ஒரு ஓட்டைகூட இல்லை. நடுவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் ஈரத்துண்டு.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று கேட்டான். அத்தனை காலத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

இருக்கிறார் என்றேன். அவன் வாய் நிறையச் சொல்ல ஆரம்பித்தான். நான் போன மறுநாளே அசுவினிப் பூச்சி ஏறிவிட்டதாம். தக்காளிக் கொழுந்து முழுக்க அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சியதாம். ஆய்வுக்கு ஆள் வருகிற நேரத்தில் தோட்டம் இப்படிக் கிடந்தால் சர்டிஃபிகேட் யார் கொடுப்பார்கள் என்று அண்ணியிடம் புலம்பினானாம்.

"அதான் ஒரு தடவை அடிச்சுவிட்டேன். பயப்படாதே பாப்பா. கடையில இருக்கறதுலயே உசத்தியான மருந்து. அவங்க வர்றதுக்குள்ள தடமே இருக்காது. எந்த லேப்ல குடுத்தாலும் தெரியாது" என்றான்.

எந்த மூலையிலாவது விட்டுவைத்தானா என்று சுற்றிப் பார்த்தேன். இலைக்கு அடியில்கூட விடவில்லை. ஒரு இலையை விட்டிருந்தால் அது எங்கள் அண்ணனே இல்லை. யார் அடித்தது என்று கேட்டேன். ஆள் கிடைக்கவில்லை, நானேதான் என்றான். அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினான்.

"அறிவிருக்கா உனக்கு? டேங்க்கைத் தொடாதேன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா இல்லையா? செத்துக்கித்துப் போயிருந்தா?" என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். "திட்டு, திட்டு. நீ திட்டி எத்தனை நாளாச்சு" என்றான்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? மூன்று வருஷத்தை ஒரே டேங்கில் கரைத்து ஊற்றிவிட்டாயே என்று சொல்வதா? வாய் முன்னாலே நடக்கிறவளுக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. அவன் சோளத்தைச் சுற்றிக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனான்.

அவன் போனதும் குனிந்து இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டு. அசுவினியைத் தின்பதே அதற்கு வேலை. மருந்தை நிறுத்திய முதல் வருஷம் ஒன்றுகூட வரவில்லை. என்னையும் பூச்சி விரட்ட நான் தெளித்த பூண்டுக் கரைசலையும் பார்த்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த வருஷம் ஒன்றிரண்டு வந்தன. இந்த வருஷம்தான் குடும்பத்தோடு வந்து முட்டை வைத்துப் பெருகியிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்த அசுவினியை அவையே ஒரு கை பார்த்திருக்கும். பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். விஷயம் தெரிந்தால் வெங்காயக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

வீட்டுக்காரர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நிதானமான மனிதர், தையல் போட்ட வயிறு வேறு. சோதனையில் தெரியாது என்று உன் அண்ணனே சொல்கிறான், அவனைவிட அதை அறிந்தவன் இந்த ஊரில் யார், பேசாமல் இருந்துவிடு என்றார். அதோடு விடவில்லை. நீ உண்மையைச் சொல்லிச் சான்று போய்விட்டால், தங்கச்சிக்கு நல்லது செய்யப்போய்க் கெடுத்துவிட்டோமே என்று அவன் உருகிவிடுவான், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறான், அதையும் கெடுக்காதே என்றார். இரண்டு காரணமும் நியாயமாகத்தான் பட்டது. சரி, வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் பழைய அறுப்பில் மிச்சமிருந்த பூசணிக்காய்களை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மருந்து விழுவதற்கு முன்பே பறித்து வீட்டில் வைத்திருந்தவை. அவற்றுக்கு அந்த அட்டையை வைக்கலாம், தப்பே இல்லை. ஆனாலும் செருகக் கை வரவில்லை. கூடைக்கு அடியில் குப்புறப் போட்டு வைத்தேன். வெங்காயக்காரி கழுத்தை எட்டி, என்ன புழு அக்கா, அட்டையைக் காணோம் என்றாள். அவள் தக்காளி மேல் அவள் அட்டை ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு முத்திரையை வாங்கினால் எனக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? என்னுடையது கொஞ்சம் பளபளப்பான அட்டை, அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு வியாபாரத்தில் மனசே இல்லை.

ஆய்வாளர் சின்னப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் தன் சொந்தத் தண்ணீர் பாட்டில். ஆய்வுக்குப் போகிற இடத்தில் ஒரு வாய் டீ கூடக் குடிக்கக் கூடாதாம். மண்ணை எடுத்துப் பையில் போட்டாள். இலைகளைக் கிள்ளி இன்னொரு பையில் போட்டாள். எருக்குழியைக் குச்சியால் கிளறி முகர்ந்து பார்த்தாள். தோட்டம் அழகாக இருக்கிறது அக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போது சோளத் தட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. தேய்த்த சட்டை. தங்கச்சி சர்டிஃபிகேட் வாங்குவதைப் பார்க்க அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறான்.

கடைசியில் அவள் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். போன ஆய்வுக்குப் பிறகு நிலத்தில் ரசாயனம் ஏதாவது தெளித்தீர்களா என்று.

"தெளிச்சாச்சு" என்றேன்.

அவள் பையைக் கட்டுவதை நிறுத்தினாள். யார் என்று கேட்டாள்.

"நான்தான்."

அது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பொய்யைச் சொல்லி முத்திரை வாங்க மனசு வரவில்லை. நீலச் சட்டையை நீட்டிக் காட்டவும் விரல் வரவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். நமக்குத் தெரியாமல் வேறு யாராவது செய்திருந்தால் அந்த நாளிலிருந்து திரும்ப மூன்று வருஷம் எண்ண வேண்டும், அவ்வளவுதான். சான்றுக்கு எழுதிக்கொடுத்தவரே தெரிந்து செய்தால் பெயரையே எடுத்துவிடுவார்கள், மறுபடி சேரவே முடியாமல் போகலாம். யோசித்துச் சொல்லுங்கள் அக்கா என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை, நான்தான் என்றேன்.

சோளம் படபடவென்று ஒடிந்தது. சுற்றி வர அவனுக்குப் பொறுமை இல்லை. தட்டைகளை மிதித்துக்கொண்டு நடுவாலேயே வந்துவிட்டான். சட்டையெல்லாம் சோளப் பூந்தூள்.

"பொய் சொல்றா மேடம். இவளுக்குத் தெளிப்பான் பெல்ட்டைக்கூட மாட்டத் தெரியாது. அன்னிக்கு இவ ஆஸ்பத்திரியில இருந்தா. அடிச்சது நான்" என்றான். மூச்சு வாங்கியது. ஆனாலும் கடைக்காரப் புத்தி விடவில்லை. "இலையில தடம் இருக்காதே மேடம். சோதிச்சுப் பாருங்க. அப்புறம் என்ன குறை?" என்று கேட்டான்.

அந்தப் பெண் அவனைக் கோபிக்கவில்லை. "தடம் மட்டும்தான் முக்கியம்னா நான் இலைய வாங்கிட்டுப் போயிருப்பேன் சார். இவங்ககிட்ட கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். எப்படி விளைஞ்சதுங்கறதுக்குத்தான் இந்த முத்திரை" என்றாள்.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அப்படியானால் மூன்று வருஷம் என்று மெல்லக் கேட்டான். நீங்கள் அடித்த நாளிலிருந்து என்றாள் அவள். அவன் உடைந்த சோளத்தைக் காட்டி, இதெல்லாம் எதற்கு என்று கேட்டான். பக்கத்து நிலத்து மருந்து வந்து விழாமல் இருக்கத் தடுப்பு, விதியிலேயே இருக்கிறது, இது இல்லாமல் சான்றுக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது என்று அவள் சொன்னாள். அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். தேய்த்த சட்டையோடு, ஈர மண்ணில்.

ஆய்வாளர் போகும்போது என் தோளைத் தொட்டு, மறுபடியும் எழுதிக்கொடுங்கள் அக்கா, நானே வருகிறேன் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம்.

"அன்னிக்கு நான் சொன்னப்பவே உனக்குத் தெரியும்ல, எல்லாம் போச்சுன்னு. ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"சொன்னா நீ திரும்பவும் பேசாம போயிடுவேன்னுதான்" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. இருமலாக இருக்கும் என்று நானும் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அதன் பிறகு அண்ணன் கடையை மூடிவிட்டான், இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கடை இருக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. நான் அந்தத் தக்காளியையும் கோஸையும் அட்டை இல்லாமல் சாதாரணக் காயாக விற்றேன். புழு இல்லாத புழு அக்கா என்று வெங்காயக்காரி ஒரு வாரம் சிரித்தாள். ஆனால் அடுத்த விதைப்பின்போது அண்ணன் தன் பக்கத்து ஓரத்தை உழுது மக்காச்சோளம் போட்டான். உன் இடம் எதுக்கு வீணாகணும், தடுப்பு என் பக்கமே இருக்கட்டும் என்றான். அந்தப் பட்டைக்குக் கிட்டே தெளிப்பானோடு போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று கூலியாளிடம் சொல்லிவைத்திருக்கிறான். ஒதுக்கிப்போட்ட என் பட்டை எனக்கே திரும்பக் கிடைத்தது. அதில் பீன்ஸ் போட்டேன்.

பீன்ஸ் பூத்திருந்த ஒரு காலையில், சோளத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தான். வலது கையை மூடி, அதன் மேல் இடது கையைக் குவித்து, தண்ணீர் ததும்புகிற பாத்திரத்தைத் தூக்கி வருகிற மாதிரி மெதுவாக நடந்து வந்தான். கடை திறக்கிற நேரம், என்ன இங்கே என்று கேட்டேன். அவன் என் முன்னால் நின்று கையைத் திறந்தான். உரிந்த தோல் மேல் ஒரு பொறிவண்டு.

"என் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அங்க இருந்தா பொழைக்காது. நீ வச்சுக்கோ" என்றான்.

நான் ஒரு பீன்ஸ் இலையை அவன் விரலருகே பிடித்தேன். அது ஏறவில்லை. அவன் உள்ளங்கையிலேயே இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கையை ஆட்டாமல் அவன் அப்படியே நின்றான்.